மூணு ரிங்

மகள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கண் பாதி மூடியிருந்தது, ஒரு கை காற்றில் இருந்தது. சிஸ்டர் திரையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். இது புதிதல்ல. வாரக் கடைசியில் வீடியோ காலில் வருகிற மகளின் முகம் பாதி நேரம் இப்படித்தான் ஏதாவது ஒரு கோலத்தில் உறைந்து நிற்கும். அதில் சிஸ்டருக்கு ஒரு வசதியும் இருந்தது. நின்றுபோன முகத்தை நிதானமாகப் பார்க்கலாம். மெலிந்திருக்கிறாளா, சரியாகத் தூங்குகிறாளா, நெற்றியில் அந்தச் சுருக்கம் எப்போது வந்தது என்றெல்லாம் பார்க்கலாம். காலமெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் முகங்களைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்துப் பழகிய கண் அது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான்.

முகம் மறுபடி அசைந்தபோது மகள் கோபத்தின் நடுவில் இருந்தாள்.

"இந்தக் கம்பெனியே வேண்டாம்மா. நான் வேற கம்பெனிக்கு மாத்திடறேன். இங்க இருந்தே எல்லாம் பண்ணிடலாம்."

"மாத்திக்கோ."

"அந்த வீட்டு போனையும் எடுத்துடலாம். அதுல யாரு உன்னைக் கூப்பிடறா? லோன் வேணுமா, கார்டு வேணுமான்னு கேக்கறவன்தான்."

"போன் இருக்கட்டும்."

"எதுக்கும்மா?"

"செல்லுல சார்ஜ் நிக்க மாட்டேங்குது. திடீர்னு நெஞ்சு வலிச்சா அதைத் தேடிட்டா இருப்பேன்?"

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளின் வாயை அடைக்க நெஞ்சு வலியைப் போல ஒன்று கிடையாது என்பது சிஸ்டருக்குத் தெரியும். அவருடைய நெஞ்சு கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

"சரி, இருக்கட்டும். நம்பர் மாறினா பரவாயில்லதானே?"

"நம்பர் மாறக் கூடாது."

கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டார். மகள் ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து நெட் மறுபடி நின்றது.

அந்த போனில் பேச ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மணி அடிக்க ஓர் ஆள் உண்டு. மகளின் மாமியார். அதாவது, மாமியாராக இருந்தவர். மகளுக்கும் அந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒத்துவராமல், கோர்ட் படியேறிப் பிரிந்து ஏழு வருஷம் ஆகிறது. பிரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு தேசத்துக்குப் போய்விட்டார்கள். சம்பந்திகள் இரண்டு பேரையும் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. இருவருமே கணவனைப் பறிகொடுத்தவர்கள். ஊரின் இரண்டு கோடிகளில் தனித்தனி வீட்டில் இருந்தார்கள். கல்யாணமான புதிதில் புருஷன் பெண்டாட்டியைவிட இவர்கள்தான் அதிகமாக ஒட்டிக்கொண்டார்கள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். சம்பந்தியம்மாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவியபடியே பேசுவார். பாதிப் பேச்சு தண்ணீரோடு போய்விடும். "முதல்ல குழாயை மூடுங்க சம்பந்தி, ஒண்ணும் கேக்கல" என்று சிஸ்டர் இங்கிருந்து கத்துவார். "எனக்குக் கேக்குது, நீங்க சொல்லுங்க" என்பார் அந்த அம்மாள். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய்விட்டுத் திரும்பினால், வீடு வந்து சேர்ந்ததும் மூணு ரிங் விட்டுக் கட் பண்ண வேண்டும். பத்திரமாக வந்துவிட்டேன் என்று அர்த்தம். எடுத்துவிட்டால் மறுபடியும் ஒரு மணி நேரம் பேசித் தொலைப்பார்கள் என்பதால் வந்த ஏற்பாடு.

பிரிவு முடிவானபோது மகள் அழுது வீங்கிய முகத்தோடு, "அந்த வீட்டோட நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று கையை நீட்டினாள். சிஸ்டர் அந்தக் கையில் அடித்து சத்தியம் செய்தார். பெற்ற பெண் அப்படி அழும்போது வேறென்ன செய்ய முடியும்? அந்தப் பக்கத்துப் பிள்ளையும் தன் அம்மாவிடம் இதையேதான் கேட்டிருப்பான்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் போன் அடித்தது. எடுக்கப் போவதற்குள், மூன்றாவது மணியோடு நின்றுவிட்டது. சிஸ்டர் அடுப்பில் வைத்த பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் அங்கேயே நின்றார். அன்று சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து, விரலுக்கு மறக்காத அந்த நம்பரை அழுத்தினார். மூணு ரிங் போனதும் வைத்துவிட்டார். பேசக் கூடாது என்றுதானே சத்தியம்? மணி அடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அன்றிலிருந்து காலையில் அங்கிருந்து, சாயங்காலம் இங்கிருந்து. இருக்கேன், இருக்கீங்களா, அவ்வளவுதான். சில நாட்களில் சிஸ்டர் வேறு யாரோடும் வைத்துக்கொள்கிற பேச்சு அவ்வளவாகத்தான் இருந்தது.

புதுக் கம்பெனியின் லைன்காரர் வந்தபோது சிஸ்டர் அவரை ஒரு வேலை செய்ய விடவில்லை. "நம்பர் வந்துடுமா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் நின்றார். தொப்பையோடு ஏணியில் ஏறியிருந்த மனிதர் பொறுமைசாலி.

"பழைய கம்பெனியைக் கட் பண்ணச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை. பொண்ணு சொல்லக் கூடாதுன்னுட்டா."

"அப்ப பிரச்சனை இல்லை சிஸ்டர். நீங்களா கட் பண்ணியிருந்தா நம்பர் போயிருக்கும். இப்ப நாங்களே கேட்டு வாங்கிப்போம்."

சமையலறைச் சுவரில் இருந்த பழைய இணைப்பு இனி உதவாது என்றார். போனை இனிமேல் இந்தப் புதுப் பெட்டியின் பின்னால்தான் செருக வேண்டுமாம். கரண்ட் போனால் போனும் போய்விடுமாம். அதனால் போன் முன்னறைக்குக் குடிபெயர்ந்து டிவி பக்கத்தில் உட்கார்ந்தது. சமையலறைச் சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பழகிய கால்கள் இரண்டு மூன்று தடவை அங்கே போய் நின்றுவிட்டுத் திரும்பின.

மகள் இப்போது எங்கேயும் உறைவதில்லை. பின்னால் திரைச்சீலை ஆடுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. "தொல்லை பண்ற காலெல்லாம் இனிமே வராதும்மா. அதுக்கு ஒண்ணு இருந்தது, போட்டு விட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். சிஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் இரண்டு நாள் காலையில் மூணு ரிங் சரியாக வந்துவிட்டிருந்தது. அந்தச் சந்தோஷமே போதுமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

போனை எடுத்துக் காதில் வைத்தால் ஊதுகிற சத்தம் ஒழுங்காகக் கேட்டது. சாயங்காலம் சிஸ்டர் தன் மூணு ரிங்கை விட்டார். அங்கே போன் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும், ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. வார்டில் ஓயாமல் மணியடிக்கிற படுக்கை ஒருநாள் சத்தமில்லாமல் இருந்தால் சிஸ்டர்தான் முதலில் ஓடுவார். இங்கே எங்கே ஓடுவது? இரண்டு பஸ் மாறினால் அந்த வாசல். அந்த வாசலில் போய் நின்றால் சத்தியம் என்னாவது? குளியலறையில் விழுந்து கிடக்கிறாரோ என்று ஒரு நினைப்பு வரும். ஆஸ்பத்திரியில் அப்படி வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கடுத்த சாயங்காலம் இரண்டாவது ரிங்கிலேயே அங்கே போன் எடுக்கப்பட்டது. சிஸ்டர் மூச்சு விடுவதற்குள் டக்கென்று வைக்கப்பட்டது.

இருக்கிறார். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் சுருக்கென்றது. ஏன் வைக்க வேண்டும்? அடுத்த நாளும் அதே டக். ஏழு வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் எந்த வார்த்தையால் புண்படுத்தினேன் என்று சிஸ்டர் யோசித்து யோசித்து மாய்ந்துபோனார்.

லைன்காரரைத் திரும்ப வரவழைத்தார். அவர் தன் செல்லிலிருந்து அடித்துப் பார்த்தார். மணி கணீரென்று அடித்தது.

"நல்லாத்தானே இருக்கு சிஸ்டர்?"

"ஒரே ஒரு நம்பர்தான் வர மாட்டேங்குது."

"அந்த நம்பர் எடுக்கறதுக்குள்ள கட் ஆயிடுமா? தினமும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொல்லைக் கால் தடுப்பு போட்டிருக்கீங்களே. அடிச்சு அடிச்சுக் கட் பண்றவனை அது ஏமாத்துக்காரன்னு புடிச்சு வெளிய நிறுத்திடும்." கம்பெனிமேல் அவருக்கு ஒரு மதிப்பு வந்தது போலிருந்தது.

"அவங்க அடிச்சா அங்க என்ன கேக்கும்?"

லைன்காரர் குரலை மெல்லியதாக்கிக்கொண்டு, "'உங்கள் அழைப்பை ஏற்க வாடிக்கையாளர் விரும்பவில்லை'ன்னு ஒரு அம்மா அழகா சொல்லும்" என்றார். சிஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "தெரிஞ்சவங்களா சிஸ்டர்? உங்க பொண்ணு செல்லுலதான் எல்லாம் இருக்கு. நம்பரைச் சொன்னா ஒரு நிமிஷத்துல எடுத்துவிட்டுடுவாங்க."

அவர் போன பிறகு சிஸ்டர் வெகுநேரம் அந்தப் பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தவருக்காக எவளோ ஒருத்தி வாயைத் திறந்துவிட்டாள். அதுவும் காலையில், அந்த அம்மாள் எழுந்ததும் எழாததுமாக, ஒவ்வொரு நாளும். எத்தனை தடவை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாரோ? அதை நினைக்க நினைக்க அவமானத்தில் சிஸ்டரின் காது சுட்டது.

வாரக் கடைசி வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. அவரே மகளைக் கூப்பிட்டார்.

"ஒரு நம்பரை அந்தத் தடுப்புல இருந்து எடுக்கணும்."

"யாரும்மா? சரி, சொல்லு."

சிஸ்டர் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "ரெண்டு. ஏழு. நாலு, நாலு."

மகளின் விரல் செல்லின் மேலேயே நின்றது.

"ஒண்ணு, ஒம்பது, ஆறு" என்று மீதியை அவளே சொன்னாள்.

அதன் பிறகு அவள் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்றுதான் சிஸ்டர் நினைத்தார். ஆனால் அவளுக்குப் பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

"பேசலடி. ஒரு வார்த்தை பேசல. மூணு ரிங் விட்டுக் கட் பண்ணுவாங்க. நானும் அப்படித்தான்."

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துல இருந்தே."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். "எனக்குத் தெரியாம" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, கேட்கப் பிடிக்காதவள் போல, "எப்படி இருக்காங்க?" என்றாள்.

"தெரியாது. மூணு ரிங்ல அதெல்லாம் தெரியாது."

மகள் செல்லை இரண்டு முறை தொட்டாள். "எடுத்துட்டேன்" என்றாள். வழக்கமாகக் கையாட்டுவாள். அன்று ஆட்டவில்லை, திரை கறுத்துவிட்டது. கூப்பிடலாமா என்று சிஸ்டர் விரலைக் கொண்டுபோனார். பயமாக இருந்தது. விரலை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முன்னறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? விருப்பமில்லை என்று சொன்ன வீட்டுக்கு மானமுள்ள யாரும் மறுபடி போன் பண்ண மாட்டார்கள். தடுப்பை எடுத்த செய்தி இந்தப் பெட்டிக்கும் மகளுக்கும்தான் தெரியும். அந்த அம்மாளுக்கு யார் சொல்வது?

சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தார். மகளும் கூப்பிடவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை என்று தோன்றியது. போனை எடுத்து நம்பரை அழுத்தினார். ஒரு ரிங். இரண்டாவது பாதியில் அங்கே எடுக்கப்பட்டது. இனி டக்கென்று சத்தம் வரும். அதற்கு முன்னால் காதில் வந்து விழுந்தது ஓடுகிற தண்ணீர். பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

என்ன சொல்ல வேண்டும் என்று நாள் முழுவதும் யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"குழாயை மூடுங்க சம்பந்தி" என்றார் சிஸ்டர். தன் குரல் இப்படி உடையும் என்று அவருக்குத் தெரியாது. "ஒண்ணும் கேக்கல."

அங்கே போனை வைக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரச் சத்தம் மட்டும் நின்றிருந்தது. பிறகு குழாயைத் திருகுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.