காசியம்மாளின் கல்யாண அத்தர்

தீர்த்தம்மாளின் மூக்கை அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அடுப்பில் பால் அடிபிடிக்கப் போவதை வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். நாத்தனார் காசியம்மாள் தலையில் ஒற்றைப் பூவைச் செருகிக்கொண்டு பின்னால் வந்து நின்றால், திரும்பிப் பார்க்காமலே என்ன பூ என்பாள். ரசனையில்தான் இருவருக்கும் ஒத்துப்போகாது. தீர்த்தம்மாளுக்கு மரிக்கொழுந்து. காசியம்மாளுக்குச் சீசாவில் வரும் வாசனைகள். "மரிக்கொழுந்தாம்! மாட்டுக்குப் போடற தழை" என்று அண்ணியைக் கேலி செய்வாள்.

யுத்தம் தொடங்கிய மறுவருஷம், ஐப்பசி மழையில் தீர்த்தம்மாளுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. அது விட்டு அவள் எழுந்து உட்கார்ந்த அன்று, புருஷன் மாதேஸ்வரன் கடத்தூரிலிருந்து மரிக்கொழுந்து வாங்கிவந்து மடியில் வைத்தான். அவள் முகத்தோடு அழுத்தி முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. கசக்கி முகர்ந்தாள். அப்போதும் வெறும் காற்றுதான் உள்ளே போனது.

"எப்படி இருக்குது?" என்றான்.

"நல்லா இருக்குதுங்க."

அவள் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்த இண்டூரில் ஒருவருக்கு இப்படித்தான் முதலில் வாசனை போனது என்று சின்ன வயதில் கேட்டிருந்தாள். பிறகு விரல்கள் மரத்தன. குஷ்டம், பெருவியாதி என்று ஊருக்கு வெளியே குடிசை போட்டு ஒதுக்கி வைத்துவிட்டார்கள். தை மாதம் காசியம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பச்சியப்பனுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. அண்ணிக்குப் பெருவியாதி என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

தினமும் விடிந்ததும் விரல்களைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வாள். பாலைக் காய்ச்சினால் பொங்கி அடங்கும்வரை அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். காசியம்மாள் பூ வைத்துக்கொண்டு வந்தால், வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவாள்.

மார்கழியில் கல்யாணச் சாமான் வாங்க இருவரும் கடத்தூர் சந்தைக்குப் போனார்கள். அத்தர் விற்கும் பாய் ஒருவர் துணி விரித்துக் குட்டிக் குட்டிச் சீசாக்களைப் பரப்பியிருந்தார்.

"நீங்களே பொறுக்குங்க அண்ணி. கல்யாணத்துக்கு உங்களுக்குப் புடிச்சதையே பூசிக்கறேன்" என்றாள் காசியம்மாள்.

பாய் ஒவ்வொன்றிலும் குச்சியைத் தோய்த்துத் தீர்த்தம்மாளின் புறங்கையில் தடவினார். "பேரு சொல்லமாட்டேம்மா. உங்க மூக்கே சொல்லட்டும்" என்று சிரித்தார்.

அவள் கையை முகர்வதுபோல் தூக்கிப் பிடித்தாள். நிறத்தை வைத்து மல்லியாக இருக்கும் என்று ஊகித்து, ஒரு சீசாவைக் காட்டி, "இது இருக்கட்டும். மல்லி வாசம் கம்முனு தூக்குது" என்றாள்.

பாயின் சிரிப்பு நின்றது. "அது கஸ்தூரிம்மா. ஆம்பளைங்க பூசறது."

காசியம்மாள் அண்ணியின் கையைப் பிடித்துப் புளியமரத்து நிழலுக்கு இழுத்துப் போனாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"என்மேல என்னங்க கோவம்? நான் எந்தப் பூ வெச்சாலும் ஒரு வார்த்த சொல்றதில்ல. கிட்ட வந்தா எந்திரிச்சுப் போயிடறீங்க. இப்ப வேணும்னே இதப் பொறுக்கறீங்க. நான் வூட்ட விட்டுப் போனாப் போதும்னு இருக்குதுங்களா?"

தீர்த்தம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "கோவமில்ல கண்ணு. எனக்கு வாசனையே தெரியல" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். இண்டூர்க்காரரின் கதையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

காசியம்மாள் முந்தானையால் அண்ணியின் முகத்தைத் துடைத்தாள். "கல்யாணம் நின்னா நிக்கட்டும். அண்ணங்கிட்டச் சொல்லி மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

மறுநாளே மாதேஸ்வரன் இருவரையும் தர்மபுரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் தீர்த்தம்மாளின் மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார். கை கால்களில் ஊசியால் மெல்லக் குத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். எல்லா இடத்திலும் வலித்தது. ஒவ்வொரு முறையும் "வலிக்குதுங்க" என்று அவள் சொன்னபோது, வரம் கிடைத்தவள்போல் இருந்தது.

"அந்த வியாதி இல்லம்மா. காய்ச்சல்ல மூக்கு நரம்பு கெட்டிருக்கு. மெதுவா சரியாகும். ஆகலேன்னாலும் பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மாதேஸ்வரன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "கொழம்பு கொஞ்ச நாளா ஒரு தினுசாத்தான் இருந்துச்சு. கல்யாண நெனப்புல இருக்கறயேன்னு விட்டுட்டேன்" என்றான்.

தீர்த்தம்மாள் சிரித்துவிட்டாள். அன்று ஓட்டலில் மூன்று பேரும் வயிறார இட்லி தின்றார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசி எடுத்திருந்தது.

கல்யாணத்துக்குக் காசியம்மாள் தன் விருப்பப்படி ரோஜா அத்தரை வாங்கிப் பூசிக்கொண்டாள். தீர்த்தம்மாளுக்கு அது தெரியவில்லை. ஆனாலும் பயம் போயிருந்ததால் மணவறையில் நாத்தனாருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

பங்குனியில் புதுத் தம்பதியை விருந்துக்கு அழைத்துவர, மாதேஸ்வரனும் அவளும் மொரப்பூர் ஸ்டேஷனில் காத்திருந்தார்கள். ரயில் வந்து நின்றது. என்ஜின் புகை பிளாட்பாரத்தின் மேல் கவிந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தீர்த்தம்மாள் மட்டும் அசையாமல் நின்றாள்.

"ஏங்க, கரி நாத்தம்!" என்று கத்தினாள். "கரி நாறுதுங்க!"

மாதேஸ்வரன் அவளையே பார்த்தான். அவள் அழுதுகொண்டே புகையை இழுத்து இழுத்து இருமினாள்.

அதற்குள் காசியம்மாள் ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். தீர்த்தம்மாள் சட்டென்று முகத்தைச் சுளித்தாள். "அய்யோ, என்னடி இது! தலய வலிக்குது. இதயா கல்யாணத்தன்னிக்குப் பூசியிருந்த?"

காசியம்மாள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "அண்ணா! அண்ணி திட்டறாங்க! அண்ணிக்கு மூக்கு வந்திருச்சு!"

டிரங்குப் பெட்டியோடு வந்த பச்சியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாதேஸ்வரன் விஷயத்தைச் சொன்னான். ஊருக்குப் போக மாட்டுவண்டியில் ஏறிய பிறகு, புது மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"எனக்கும் அந்த வாசனை ஒத்துக்கறதில்லைங்க. சொன்னா வருத்தப்படுவாளேன்னு இருந்தேன்."

"உங்க யாருக்கும் புடிக்காட்டிப் போவுது. எனக்குப் புடிச்சிருக்குது. நான் பூசத்தான் பூசுவேன்" என்றாள் காசியம்மாள்.

"பூசிக்க கண்ணு, நல்லாப் பூசிக்க" என்று தீர்த்தம்மாள் அவளை இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.