ஊசிக்குப் பின்னால் ஒரு வளையம்

யசுஜி முப்பத்தாறு வருஷம் சுற்றுலா பஸ் ஓட்டியவர். அந்த மார்ச் மாதம் நோய் பரவ ஆரம்பித்ததும் செர்ரிப்பூ பார்க்கப் போகிற கூட்டம், வெந்நீர் ஊற்றுக்குப் போகிற கூட்டம் எல்லாம் ஒரே வாரத்தில் ரத்தாகிவிட்டது. கம்பெனி அவரை வீட்டிலேயே இருக்கச் சொன்னது. பகல் பதினோரு மணிக்குத் தன் வீடு எப்படி இருக்கும் என்பதை அறுபது வயதில்தான் அவர் முதல் முறையாகப் பார்த்தார்.

வீட்டின் முன்பக்கம் அவர் மனைவி தொமியேயின் கடை. வீட்டுத் தையல் மெஷின்களை மட்டும் பழுது பார்ப்பாள். அவர்கள் ஊரான கொஜிமாவில் ஜீன்ஸ் தைக்கிற, பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கேயெல்லாம் பெரிய மெஷின், அதற்கென்று தனி மெக்கானிக். தொமியேயிடம் வருவது மடியில் தூக்கிக்கொண்டு வரக்கூடியவை. இருபத்தேழு வருஷமாக நடக்கிற கடைக்கு யசுஜி வைத்திருந்த பெயர் பொம்மை ஆஸ்பத்திரி. அவள் காதுபடவே நண்பர்களிடம் அப்படிச் சொல்வார். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றப் போய்விடுவாள்.

ஏப்ரலில் மாஸ்க் எங்கேயும் கிடைக்கவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நாளில் தையல் மெஷின் ஞாபகம் வந்தது. கடைகளில் புது மெஷின்கள் தீர்ந்துபோயின. அலமாரிக்குள்ளும் மாடிப்படிக்கு அடியிலும் போர்வை போர்த்திக் கிடந்தவை வெளியே வந்தன. தொமியேயின் கடை வாசலில் ஒரு மேஜையைப் போட்டு வைத்தார்கள். ஆட்கள் மெஷினை அதன்மேல் வைத்துவிட்டு, நாலு அடி தள்ளி நின்று என்ன கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றே நாளில் கடை நிறைந்து, நடைபாதை நிறைந்து, கழிவறைக்குப் போகவே யசுஜி ஒருக்களித்து நடக்க வேண்டியதாயிற்று.

"சும்மாதானே இருக்கீங்க, சீட்டு எழுதுங்க. பேரு, போன் நம்பர், என்ன கோளாறுன்னு," என்றாள் தொமியே.

அவர் எழுதினார். எழுத எழுதத்தான் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. எல்லோரும் சொல்வது ஒன்று, மெஷினுக்கு இருப்பது வேறொன்று. 'மோட்டார் போய்விட்டது' என்று அவர் எழுதிய மெஷினை அவள் திறந்தாள். ஊசிக்குக் கீழே இருந்த தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவிலிருந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரு பஞ்சை எடுத்து வெளியே போட்டாள். பத்து வருஷத்துத் துணித்தூசி. மூன்று இடத்தில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டாள். மெஷின் ஓடியது.

பல பேருக்கு மெஷினைக் கொண்டு வரவே வேண்டியிருக்கவில்லை. சயோகோ என்று ஓர் இளம் தாய் போன் செய்து, புது மெஷின், பெட்டியைப் பிரித்த அன்றே உடைந்துவிட்டது, அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்குகிறது என்று அழாத குறையாகச் சொன்னாள். அவளுக்கு அடுத்து இன்னும் நாலு பேரைத் திருப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது. தொமியே அவசரப்படவில்லை.

"துணியை அழுத்துற பாதம் இருக்குல்ல, நூல் கோர்க்கும்போது அது மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

கீழே இருந்தது என்று பதில் வந்தது.

"அதை மேல தூக்கி வச்சுட்டு, முதல்லேருந்து கோருங்க. பாதம் கீழ இருந்தா நூலைப் பிடிக்கிற தட்டு ரெண்டும் வாயை மூடிக்கும். நூல் உள்ள போகாம வெளியவே நிக்கும். நான் போனை வைக்கல, நீங்க பண்ணுங்க."

இரண்டு நிமிஷம் கழித்து அந்தப் பக்கம் மெஷின் சீராக ஓடுகிற சத்தம் கேட்டது. தொமியே அதைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு, சிக்கலில் அடிபட்டு ஊசி முனை மழுங்கியிருக்கிறது, துணியைக் குத்துகிற சத்தம் கனமாக இருக்கிறது, புது ஊசி மாற்றிவிடுங்கள் என்று சொல்லி போனை வைத்தாள். யசுஜி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு மெக்கானிக் அவர் கம்பெனியில் இருந்தார். அந்த மெக்கானிக் நடந்து வந்தால் டிரைவர்கள் எல்லாம் எழுந்து நிற்பார்கள்.

அந்த வாரம்தான் மிசாவோ வந்தாள். மலையடிவாரத்து முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. இல்லத்தில் ஆளுக்கொரு காகித மாஸ்க்கை ஒரு வாரம் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்பது துணி மாஸ்க்காவது தைக்க வேண்டும் என்று தன் மாமியாரின் மிதி மெஷினை மேஜையிலிருந்து கழற்றி, மேல்பாகத்தை மட்டும் எடுத்து வந்திருந்தாள். கறுப்பு வார்ப்பிரும்பு; தங்க நிறப் பூவேலைப்பாடு பாதி அழிந்திருந்தது. முப்பது வருஷமாக வீட்டில் அதன் மேஜைதான் டி.வி. ஸ்டாண்டு. சக்கரம் இம்மியளவும் சுற்றவில்லை.

உள்ளே இருந்த பழைய எண்ணெய் காய்ந்து கோந்தாகிவிட்டது என்றாள் தொமியே. எண்ணெய் விடுகிற துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். முடி உலர்த்துகிற மெஷினைக் கொண்டு வந்து இரும்பு வெதுவெதுப்பாகும் வரை காட்டினாள். நாளைக்குப் பார்க்கலாம், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றாள். அந்த வீட்டில் 'யாரும்' என்றால் ஒரே ஒருவர்தான்.

மறுநாள் காலை அவள் மாஸ்க்குக்கு எலாஸ்டிக் வாங்க வரிசையில் நிற்கப் போனாள். யசுஜி தனியாக இருந்தார். ஒன்றரை மாதமாக அவர் கை எதையும் ஓட்டவில்லை. சக்கரத்தை அசைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை நகர்ந்தது. எங்கே பிடிக்கிறது என்று பார்க்க முகப்புத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஊசியைத் தாங்குகிற கம்பி அசையாமல் நின்றது. அதைப் பிடித்திருந்த திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். கம்பி சரக்கென்று மேலே போனது. சக்கரம் வெண்ணெய் மாதிரி சுற்றியது. அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. கம்பி நின்ற இடத்திலேயே திருகை இறுக்கினார். நூலைக் கோர்த்து, ஒரு துண்டுத் துணியை வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஓட்டினார். ஊசி ஏறியது, இறங்கியது. துணியில் ஓட்டை விழுந்தது. தையல் ஒன்றுகூட விழவில்லை. துணியை மாற்றினார், நூலை மாற்றினார். திருகை இன்னும் இறுக்கினார், தளர்த்தினார். பத்தரை மணிக்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

தொமியே வந்து முகக்கவசத்தைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே திருகின் தலையில் இருந்த புதுக் கீறலைப் பார்த்துவிட்டாள்.

"கழட்டுறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுத்தீங்களா?"

"இல்ல."

"உங்க பஸ்ல பிரேக்கைக் கழட்டி ஒரு சாண் மேல மாட்டி வச்சுட்டு, நிக்கலையேன்னு இன்ஜினைத் திட்டுவீங்களா?"

எண்பது மாஸ்க் என்று மிசாவோ சொன்னபோது அவள் முகம் இருந்த விதம் அவருக்கு நினைவுக்கு வந்தது. கெட்டுப்போச்சா என்று மட்டும் கேட்டார். தன் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"இரும்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. இங்க வந்து உக்காருங்க. சக்கரத்தை உங்க பக்கமா சுத்துங்க. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

மெஷினைச் சாய்த்து வைத்து, விளக்கைக் கிட்டே இழுத்து, அவர் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். ஊசி கீழே போகிற வரைக்கும் ஒன்றுமில்லை என்றாள். ஊசி அடியைத் தொட்டுவிட்டு மேலே ஏற ஆரம்பிக்கிறதே, அரிசி அகலம்கூட இருக்காது, அந்த இடத்தைப் பாருங்கள் என்றாள். அவர் மெதுவாகச் சுற்றினார். ஊசி இறங்கியது. துளியூண்டு ஏறியது. ஊசிக்குப் பின்னால் இருந்த நூல் ஊசியோடு ஏற மனமில்லாமல் வெளியே பிதுங்கி, ஒரு சின்ன வளையமாக நின்றது.

"நிறுத்து."

அவள் இடுக்கி முனையால் சுட்டிக்காட்டினாள். வளைந்த கொக்கி ஒன்று அந்த வளையத்துக்குக் கீழே காற்றில் நின்றது. ஊசிக்கம்பி மேலே போய்விட்டதால் வளையமும் மேலே போய்விட்டது. கொக்கி ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறது. தொமியே திருகைத் தளர்த்தி, கம்பியை விரல் நகத்தால் தட்டித் தட்டி இறக்கினாள். அளவுகோல் எதுவும் வைக்கவில்லை. மூன்று தட்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் அரைத் தட்டு. திருகை இறுக்கினாள்.

"இப்பச் சுத்துங்க."

வளையம் எழும்பியது. கொக்கியின் முனை சரியாக அதற்குள் நுழைந்தது. வளையத்தை இழுத்து விரித்து, கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைச் சுற்றிக் கொண்டுபோய், கீழ்நூலை அதற்குள் சிக்கவைத்து விட்டுவிட்டது. மேலே ஏறி இறங்குகிற, நூலைத் தூக்கும் கை மிச்ச நூலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. ஒரு தையல். யசுஜி மறுபடி சுற்றினார். மறுபடி. சட்டை, யூனிஃபார்ம், பஸ்ஸின் இருக்கை உறை என்று அறுபது வருஷமாக அவர் உடம்பிலும் உடம்பைச் சுற்றியும் தையல்தான் இருந்தது. இரண்டு நூல் எந்த இடத்தில் சந்திக்கிறது என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

"இதை ஓடும்போது யாரும் பாக்க முடியாதே," என்றார்.

"நிமிஷத்துக்கு அறுநூறு தடவை நடக்குது. எப்படிப் பாப்பாங்க?"

"அப்புறம் உனக்கு எப்படித் தெரியுது?"

அவள் யோசித்தாள். தையலைப் பார்த்தால் தெரியும், சத்தத்தில் தெரியும், சக்கரத்தைப் பிடித்திருக்கிற கைக்கும் தெரியும் என்றாள். ஆரம்பத்தில் எதுவும் தெரியாமல் மூன்று மெஷினைப் பாழாக்கியிருக்கிறேன், அந்த வருஷம் நீங்கள் பெரும்பாலும் வடக்கே ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றாள். அதைச் சொன்னதில் குறை எதுவும் தொனிக்கவில்லை. யசுஜிக்குத்தான் சுருக்கென்றது.

வார்ப்பிரும்பு மெஷின்தான் மெஷின், இந்தக் காலத்து பிளாஸ்டிக் எல்லாம் விளையாட்டுச் சாமான் என்று அவர் அன்று மத்தியானமே பேச ஆரம்பித்துவிட்டார். தொமியே அதையும் விடவில்லை. ஒரு கம்ப்யூட்டர் மெஷினை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நெம்புகோலை அழுத்தியதும் அது தானே ஊசியில் நூல் கோர்த்தது. பட்டனை அழுத்தியதும் காஜாவைத் தானே தைத்து, தானே முடிச்சுப் போட்டு நின்றது. இதன் சொந்தக்காரிக்கு இரண்டு கையும் நடுங்கும், கண்ணும் சரியில்லை, இது இல்லாவிட்டால் அவளால் ஒரு தையல்கூடப் போட முடியாது என்றாள். "மலைப்பாதைக்கு உங்க பஸ் வேணும். சந்துக்குள்ள போக சைக்கிள்தான் வேணும். சைக்கிளைப் பாத்து நீங்க ஹாரன் அடிக்காதீங்க."

மிசாவோவின் மெஷினை யசுஜியே காரில் கொண்டுபோய் இறக்கினார். டி.வி. தரையில் உட்கார்ந்திருந்தது. மிதியையும் சக்கரத்தையும் இணைக்கிற தோல் பெல்ட்டை அளந்து வெட்டி மாட்டினார். மிசாவோ ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். அடுத்து மாஸ்க் துணியை வைத்தாள்; மடிப்பு விழுந்த இடத்தில் எட்டு அடுக்குக்கு மேல் இருந்தது. மெஷின் முனகாமல் ஏறி இறங்கிப் போனது. அவள் அதை நிறுத்தவே இல்லை. பேச்சுக் கொடுத்தபடியே நாலு மாஸ்க் முடித்துவிட்டாள். கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என் மெஷினில் தையலே விழமாட்டேன் என்கிறதே என்றாள். யசுஜி வாசலிலேயே வைத்துப் பார்த்தார். ஊசியின் தட்டையான பக்கம் பின்னால் இருப்பதற்குப் பதில் முன்னால் இருந்தது. திருப்பி மாட்டினார். அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே வந்தார்.

மே மாதம் முழுவதும் தொமியே பழுது பார்த்தாள், அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். இல்லத்துக்கு எண்பதுக்குப் பதில் நூற்றுமுப்பது மாஸ்க் போய்ச் சேர்ந்தது. நண்பர் ஒருவர் போன் செய்து, பொம்மை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஆகிவிட்டாயாமே என்று கேட்டபோது யசுஜி சிரிக்கவில்லை. தொமியே இந்த ஊரிலேயே எண்பது வீட்டு மெஷினுக்கு உயிர் கொடுத்திருக்கிறாள், உன் வீட்டுக்காரியினுடையதும் அதில் ஒன்று, போய்க் கேள் என்றார்.

ஜூலையில் கம்பெனி கூப்பிட்டது, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். அவர் போனார், பஸ் ஓட்டுவது அவருக்குப் பிடிக்கும். மற்ற நாட்களில் கடையில் இருந்தார். ஒரு புதன்கிழமை தொமியே யாருக்கும் சொந்தமில்லாத பழைய மெஷின் ஒன்றின் ஊசிக்கம்பியை வேண்டுமென்றே தளர்த்தி அவர் முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். முதல் தடவை தையல் விழவில்லை. இரண்டாவது தடவை ஊசி உடைந்தது. மூன்றாவது தடவை ஒரு முழம் நீளத்துக்கு நேர்த்தையல் வந்தது. அவர் துணியை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துணியை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க ஒண்ணு விட்டுருக்கு, இங்க ஒண்ணு. அரைத் தட்டு கம்மி."

அவர் பார்த்தார். விட்டுத்தான் இருந்தது. மறுபடி வந்து உட்கார்ந்து, மெஷினைச் சாய்த்து, விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.