இரண்டு நாழிகைத் தண்ணீர்

யமுனா பிடிவாதக்காரி என்று சொன்னால் அந்த வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். அவளே மறுக்கமாட்டாள். இல்லாவிட்டால் எண்பது கிலோ இரும்பையும் பித்தளையையும் யாராவது வீட்டுக்குக் கொண்டுவருவார்களா, அதுவும் இரண்டு பேர் நின்றாலே இடித்துக்கொள்கிற சமையலறைக்கு?

செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி இருந்த ஒரு காபிக் கடையில் அவள் பன்னிரண்டு வருடம் காபி போட்டாள். ஓர் இத்தாலிக்கார அம்மாள் நடத்திய கடை. வயதாகிவிட்டது, ஊரோடு போய்விடுகிறேன் என்று அந்த அம்மாள் கடையை மூடியபோது, பின்கட்டில் நாலு வருடமாகக் கிடந்த பழைய எஸ்பிரெஸ்ஸோ மிஷினை யமுனாவுக்கே கொடுத்துவிட்டாள். லீவரைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கெட்டியான காபியை அழுத்தி இறக்கும். யமுனா வேலை பழகியது அதில்தான். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து ஒரு டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னா யமுனா, ரயில் எஞ்சினா?" என்றான் அவள் கணவன் வீரேந்திரன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மிஷின் மக்கர் பண்ணினால் ஆளுக்குப் போன் போடுகிற ரகம்.

"காபி மிஷினுங்க. வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தப்போறேன்."

"நாலு பேருக்குக் காபி போட இம்மாம் பெருசா?"

நாலு பேருக்கு இல்லை. ஒரே ஓர் ஆளுக்காகத்தான். அது அவள் மாமனார் அப்பாண்டைராஜ்.

அப்பாண்டைராஜுக்கு எழுபத்தாறு வயது. சர்வே துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். சங்கிலி பிடித்து அளந்த கை, வாழ்க்கையையும் அப்படியே அளக்கும். பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் படாது. வடிகட்டாத தண்ணீர் தொண்டையில் இறங்காது. ஜைனக் குடும்பத்தில் இதெல்லாம் புதிதில்லை, யமுனாவும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் மருமகள் முட்டை வேகிற கடைக்கு வேலைக்குப் போனதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. தடுக்கவில்லை, திட்டவில்லை. 'அந்த வேலை' என்று மட்டும் சொல்வார். அவள் திரும்பி வந்ததும் குளித்துவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போகவேண்டும். எத்தனையோ தேசத்துக்காரர்கள் அவள் காபியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். சொந்த வீட்டில் அது வாய் கொப்பளிக்கவேண்டிய சமாச்சாரம். அது அவளுக்கு வலித்தது. பன்னிரண்டு வருடமும் வலித்தது.

இப்போது அவர் வேறு ஒரு முடிவு எடுத்திருந்தார். தீபாவளியன்று, மகாவீரர் முக்தி பெற்ற அந்த விடியற்காலையில், ஆயுசுக்கும் காபியை விட்டுவிடுவதாக. சொன்னால் சொன்னதுதான். ஆக, யமுனாவுக்குத் தீபாவளி வரைதான் நேரம். அதற்குள் தன் கையால், தன் மிஷினில், அவர் விதி எதுவும் மீறாமல் ஒரு டம்ளர் காபி அவர் குடிக்கவேண்டும். பிறகு அவர் எதை விட்டாலும் சரி.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் முதல் தடங்கல் வந்தது. உள்ளே கரப்பான் பூச்சிகள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன.

"ஹிட் அடி," என்று சொல்ல வாயெடுத்த வீரேந்திரன் அப்பாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

யமுனா அடிக்கவில்லை. மிஷினைக் கொல்லைப்புற வெயிலில் திறந்துபோட்டாள். போகாமல் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாக முறத்தில் தள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். நாலு நாள் ஆயிற்று. அப்பாண்டைராஜ் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய்லருக்குள் விரல் தடிமனுக்கு உப்பு படிந்திருந்தது, நம் ஊர்த் தண்ணீரின் கைங்கரியம். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, ஊறவைத்து, கொட்டி, மறுபடி ஊற்றினாள். ஆறாவது தடவை கொட்டியபோது செம்பு பளிச்சென்று முகம் காட்டியது. லீவர் ஸ்பிரிங்கைக் கழற்ற இரண்டு நாள் போராடினாள், முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் கழற்றிவிட்டாள்.

ஒருநாள் மாமனார் பக்கத்தில் வந்து நின்றார். "இதுல தோலு கீலு எதாவது இருக்குதா?"

"இருக்காது மாமா. எல்லாம் ரப்பரு."

சொல்லிவிட்டாளே தவிர மனசு ஒப்பவில்லை. எல்லா வாஷரிலும் துளி கிள்ளி நெருப்பில் காட்டினாள். வால்வுக்குள் இருந்த ஒன்று மட்டும் முடி பொசுங்குகிற நாற்றம் அடித்தது. அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் டெஃப்லானில் அதே அளவு கடைந்து வாங்கிவந்தாள்.

"ஒண்ணு இருந்துச்சி மாமா. நான்தான் தெரியாம சொல்லிட்டேன். மாத்திட்டேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியாகக் கரண்ட். மிஷினுக்கு மூன்று ஹீட்டர் ராடு, கடையில் த்ரீ ஃபேஸ். வீட்டில் இருந்தது ஒரே ஃபேஸ், வயரிங்கும் மாமனார் காலத்தது. எலக்ட்ரீஷியன் வேடியப்பன் வந்து பார்த்துவிட்டு, "ஒரு ராடு மட்டும் குடுக்கறேங்கா. ஜாஸ்தி குடுத்தா சுவரு பத்திக்கும்," என்றான். ஓட்டிப் பார்த்தார்கள். சூடாவதற்கு நேரம் எடுத்தது. எடுத்தால் எடுக்கட்டும், கடையிலும் விடியற்காலையில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பதுதானே என்று யமுனா விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம் மூன்று மணிக்கு, கிணற்றுத் தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டிப் பன்னிரண்டு லிட்டர் ஊற்றி சுவிட்சைப் போட்டாள். அப்பாண்டைராஜ் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வடிகட்டின தண்ணி ரெண்டு நாழிகைக்குத்தான். அதுக்குள்ள கொதிச்சாகணும். தெரியுமில்ல?"

தெரியும். நாற்பத்தெட்டு நிமிடம். அதற்குமேல் கொதிக்காமல் நின்ற தண்ணீரில் மறுபடி உயிர் உண்டாகிவிடும் என்பது கணக்கு. சின்ன வயசிலேயே கேட்டதுதான். ஆனால் அடுப்பில் எந்தப் பாத்திரம் நாற்பத்தெட்டு நிமிடம் எடுக்கிறது? அதை எண்ணிப் பார்க்கவேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்லை.

முப்பது நிமிடம். நாற்பது. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் அழுத்தம் காட்டும் முள் எழும்பி முக்கால் தாண்டி நின்றது.

"வந்துடுச்சி!" என்று வீரேந்திரன் கை தட்டினான். அப்பாண்டைராஜ் எட்டி முள்ளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம் இருக்குது. சரி, போடும்மா," என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த வாயில் இருந்து அந்த வார்த்தை வந்தது. யமுனா லீவரில் கை வைத்தாள். வைத்த கையிலேயே தெரிந்துவிட்டது. காபி இறங்குகிற தலைப்பாகத்தில் இன்னும் போதிய சூடு ஏறவில்லை. மூடிய பாய்லரில் தண்ணீர் கொதிக்கும் முன்பே, உள்ளே மாட்டிய காற்று சூடாகி முள்ளைத் தூக்கிவிடும். மிஷினோடு பழகாதவர்களுக்கு இது தெரியாது. அந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

பேசாமல் இழுத்துவிடலாம். அவர் குடிப்பார், ஆசை தீரும். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள், பொய் சொல்வானேன்.

பிறகு ஆவிக் குழாயைத் திறந்துவிட்டாள். புஸ்ஸென்று வெறும் காற்று வந்தது. முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் விழுந்தது.

"கொதிக்கல மாமா. முள்ளத் தூக்கினது காத்து. இன்னும் கால் மணி நேரம் ஆவும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். யமுனா பன்னிரண்டு லிட்டரையும் திறந்துவிட்டாள். அது வாளியில் விழுகிற சத்தத்தைக் கேட்க அவளுக்கு அழுகை முட்டியது.

"அடுப்புல கொதிக்கவெச்சி ஊத்திடேன். முடிஞ்சிது," என்றான் வீரேந்திரன்.

"அப்ப அது அடுப்புக் காபிங்க. எம்மிஷினு கொதிக்கவெக்கணும்."

"யார்கிட்ட இந்த வீம்பு?"

யமுனா வேடியப்பனுக்குப் போன் போட்டாள். தீபாவளி நெருக்கடியில் வரமாட்டேன் என்றவனை எட்டு தடவை கூப்பிட்டு வரவழைத்தாள். சுவர் வயரைத் தொடவேண்டாம், மீட்டரில் இருந்து தனியாகக் கனமான வயர், தனி சுவிட்ச், இரண்டு ராடு என்றாள். அவன் தயங்கியபோது ஏணியை அவளே பிடித்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் மூன்றரைக்குத்தான் வேலை முடிந்தது.

துணியை அலசி, புதிதாக வடிகட்டி ஊற்றினாள். இருபத்தாறாவது நிமிடம் குழாயைத் திறந்தாள். முதலில் காற்று போயிற்று, முள் இறங்கியது, திரும்ப ஏறியது. அடுத்த தடவை திறந்தபோது வெள்ளை வெளேரென்று ஆவி சீறியது. கொதித்துவிட்டது.

அப்பாண்டைராஜ் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வீரேந்திரன் போய், "அப்பா, வந்து முள்ளப் பாருங்க. நேரத்தயும் பாத்துக்கோங்க," என்றான்.

"நான் எதுக்குப் பாக்கணும்? நேத்து அவ வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் குடிச்சிருப்பேன். முள்ளு பொய் சொல்லிச்சி. அவ சொல்லல." செய்தித்தாளை மடித்தார். "கொதிச்சிடுச்சாம்மா?"

"கொதிச்சிடுச்சி மாமா."

"அப்ப போடு."

லட்சம் தடவை இழுத்த லீவரைப் பிடித்து இழுத்துவிட்டாள். காபி தேன் நிறத்தில் நூலாக இறங்கியது. பாலை ஆவியில் காய்ச்சிச் சேர்த்து டவரா டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு வாய். டம்ளரைக் காலி பண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தார். யமுனா நின்றுகொண்டே இருந்தாள்.

"இதயா அங்க பன்னெண்டு வருஷமாப் போட்டுக் குடுத்துக்கினு இருந்த?"

"ஆமா மாமா."

"நான்தான் நஷ்டப்பட்டுட்டேன்," என்றார். "உன்ன குளிச்சிட்டு வா, குளிச்சிட்டு வானு சொல்லி..." யமுனாவுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

வீரேந்திரன்தான் பேசினான். "அப்பா, விரதத்த அடுத்த தீபாவளிக்குத் தள்ளிவெச்சிக்கலாமில்ல?"

"சொன்னது சொன்னதுதான். நாளைல இருந்து கெடயாது."

காலி டம்ளரை மருமகளிடம் நீட்டினார்.

"அதனாலதாம்மா கேக்கறேன். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் கீது. இன்னொண்ணு போடு."