பதினெட்டு மில்லிமீட்டர்

தொழிற்சாலையில் அவரைக் ‘காத்து’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊதினால் பறக்கிற உடம்பு என்று நினைத்துவிடாதீர்கள். தான் செய்த காரில் தானே உட்கார்ந்து பார்த்தால், வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஓடுகிற காரின் மேலும் உள்ளேயும் காற்று எப்படிப் போகும் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. பிழைப்பே காற்றில்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அன்று காலை சிரிப்பு வரவில்லை. நாலு வருஷம் பாடுபட்டுச் செய்த காரின் முதல் சோதனை ஓட்டம். ஏழாவது சுற்றில் எஞ்சின் கொதித்துப் புகை விட்டது. உலகத்தின் அதிவேகக் கார்களில் ஒன்றாக வரவேண்டியது, கேன்டீன் காய்கறி வேனுக்குப் பின்னால் கயிறு கட்டி வந்து சேர்ந்தது.

தலைமைப் பொறியாளர் அம்மா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“கதவுக்குப் பின்னால எஞ்சினுக்குக் காத்து போற வாய், எவ்வளவு அகலம் சொன்னீங்க?”

“நூத்திப்பத்து மில்லிமீட்டர் மேடம்.”

“கார்ல தொண்ணூத்திரண்டுதான் இருக்கு. அளவுத் தாள்லயும் அதேதான். கீழ உங்க கையெழுத்து.”

காத்து தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கையெழுத்துதான்.

“மூணு மணிக்கு நான் மேல பதில் சொல்லணும். உங்க கணக்குத் தப்புன்னா இந்தக் கார்லேருந்து உங்கள எடுத்துடுவாங்க. அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? அங்கே ஒரு விதி உண்டு. காரின் முழு உருவத்தையும் முதலில் களிமண்ணில் செய்வார்கள். செய்து முடித்ததும் கருவி வைத்து அளப்பார்கள். அளவு தாளில் ஏறிய பிறகுதான் கையெழுத்து. காத்து அளவு ஏறுவதற்கு முன்பே வெற்றுத் தாளில் போட்டுவிட்டார். புது ஆள்கூடச் செய்யாத தப்பு. ஆனால் தாளை நீட்டியவர் மச்சான் ஆயிற்றே!

மச்சான் என்றால் மனைவியின் சொந்த அண்ணன், அந்தக் காரின் வடிவமைப்பாளர். கையெழுத்து வாங்கிய அன்று அவர், “மாப்ளே, இன்னிக்குப் பொண்ணோட ஸ்கூல் ஆண்டு விழா இல்ல? ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. அளக்கறத நான் பார்த்துக்கறேன்” என்றார். மகள் நாடகத்தில் மரமாக நின்றாள். வசனம் கிடையாது, அசையவும் கூடாது. காத்து முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரத்துக்காகப் பாதி, மச்சானுக்காகப் பாதி. வீடு திரும்பும்போது மனைவியிடம், “உன் அண்ணன் தங்கம்” என்றார். தங்கம் என்றால் உரசிப் பார்க்க வேண்டும் என்பது இவ்வளவு படித்த மனிதருக்குத் தோன்றவில்லை.

நேரே வடிவமைப்புக் கூடத்துக்குப் போனார். களிமண் கார் துணி போர்த்திக் கிடந்தது. துணியை விலக்கி, இரண்டு தவணையாக மண்டியிட்டு, காற்று வாயின் விளிம்பைத் தடவினார். மயிரிழை போல ஒரு கோடு. கத்தியைச் சூடு காட்டி நெம்பினார். விளிம்பிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் களிமண், பலகாரத்தின் ஏடு மாதிரி உரிந்து வந்தது. அடியில் அவர் பென்சிலால் போட்ட பழைய கோடு. எதிர் விளிம்பிலும் அதேபோல் ஒன்பது.

“அங்க என்ன பண்றீங்க மாப்ளே?” மச்சான் வாசலில் நின்றார்.

“இத நீங்க எப்ப ஒட்டினீங்க மச்சான்?”

மச்சான் மழுப்பவில்லை. “பக்கத்துலேருந்து பார்த்தா காரு கொட்டாவி விடற மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் சுருக்கினதும் எப்படி நிக்குது பாருங்க!”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா ஒத்துக்குவீங்களா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

“அப்ப ஆண்டு விழாவுக்கு என்னை அனுப்பினது…”

மச்சான் சுவரைப் பார்த்தார். “போய் சந்தோஷமாத்தானே இருந்தீங்க?”

அதுதான் குத்தியது. களிமண்ணைக்கூட மன்னித்திருப்பார்.

“மூணு மணிக்குக் கணக்குத் தப்புன்னு சொல்லிடுங்க மாப்ளே. கணக்குத் தப்பறது சகஜம். என் கை தப்புனதுன்னா என்னை யாரு நம்புவா? தங்கச்சி முகத்துக்காகவாவது…”

தங்கச்சியின் முகம் காத்துக்கும் தெரியும். பதினோரு வருஷமாகப் பார்க்கிற முகம். உரித்த பட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மூன்று மணி ஆவதற்கு முன்பே தலைமைப் பொறியாளர் அம்மாவைக் களிமண் காரிடமே அழைத்து வந்தார். “அளவு பார்க்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு மேடம். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. கணக்கு தப்பு இல்ல.” உரித்த இரண்டு பட்டைகளையும் அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அந்த அம்மா பட்டைகளைப் பார்த்தார், பிறகு மச்சானை. “யாரும் எங்கயும் போக வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள பழைய அளவுக்குக் கொண்டு வாங்க. ரெண்டு பேருந்தான். மத்தத நாளைக்குப் பேசலாம்.”

காரின் ஒரு பக்கம் உரித்தாயிற்று. மறுபக்கத்து வாய் பாக்கி. மச்சான் குனிந்து சுரண்டினார். அந்தக் கைக்கு ஈடான கை அந்தத் தொழிற்சாலையில் இல்லை, அது காத்துக்கே தெரியும். ஒரு இழுப்புக்கு ஒருமுறை காத்து அளவுகோலை வைத்தார்.

“இப்பதானே அளந்தீங்க மாப்ளே? இன்னொரு தடவையா?”

“ஆமா சார்” என்றார் காத்து. “கொஞ்சம் தள்ளிக்குங்க.”

மச்சானின் கையில் சுரண்டும் கத்தி அப்படியே நின்றது.