பொதுப்பாதைக்கு ஒரு நகல்

பொது ஆவணத்தை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். வட்டாரப் பதிவு அலுவலகத்தின் சுவரில் அப்படித்தான் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே பூட்டிக் கிடந்த ஜன்னலில், ‘செவ்வாய், வியாழன் மட்டும், பதினோரு மணிக்கு மேல்’ என்று சின்ன எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். நான் போனது திங்கட்கிழமை. தலையில் அடித்துக்கொண்டு மறுநாள் திரும்பப் போனேன்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரை வேன் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் வாரத்துக்கு மூன்று முறை, அக்கா வீட்டுக்காரரை, எங்கள் அத்தானை, டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவேன். வேன் அவர் வீட்டு வாசல் வரைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் திடீரென்று ஒரு நாள், “இது என் நிலம், பாதை கிடையாது” என்று கம்பி வேலி போட்டுவிட்டார். அன்றிலிருந்து நானும் அக்காவும் அத்தானைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாய்க்காலைத் தாண்டித் தூக்கிப்போகிறோம். போன வாரம் அக்காவுக்குக் கால் வழுக்கி, அத்தான் நாற்காலியோடு வாய்க்காலுக்குள் விழுந்தார். “குளிச்சு நாளாச்சு, பரவால்ல” என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. பழைய வரைபடத்தில் பொதுப்பாதை இருப்பதைக் காட்டினால் வேலி போகும். காட்டாவிட்டால் அத்தானுக்கு நாற்காலியும் வாய்க்காலும்தான்.

கவுன்டரில் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஒரு படிவம் கொடுத்தார். மூன்றாவது வரியிலேயே ஆவண எண் கேட்டிருந்தது.

“நம்பர் எங்க இருக்கும்மா?”

“அட்டவணைப் புத்தகத்துல.”

“புத்தகம் எங்க?”

“பதிவறையில. படிவம் நிரப்பினாத்தான் உள்ள போகலாம்.”

“நம்பர் தெரியாம படிவத்தை எப்படி நிரப்பறது?”

“அதான் சொன்னேனே, அட்டவணையில இருக்குன்னு.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ! “சுவத்துல என்ன எழுதி வெச்சிருக்கீங்க? பொது ஆவணம்! யார் கேட்டாலும் கொடுக்கணும்! அவங்க யாரு, எதுக்குக் கேக்கறாங்கன்னெல்லாம் பாக்கக் கூடாது. கேட்டா கொடுக்கணும், அவ்ளோதான்!”

கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆளை விட்டால் போதும் என்று அந்த அம்மா பதிவறைக்காரரைக் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர், முழங்கை வரை தூசி, பேச்சில் மட்டும் அப்படி ஒரு பணிவு.

“கோவப்படாதீங்கம்மா. உங்க ஊர்க் கட்டு தடிமனா, மெல்லிசா?”

“என்னது?”

“ஆறு வருஷம் முன்னால கூரை ஒழுகிடுச்சும்மா. எல்லாக் கட்டும் ஊறிப்போச்சு. முற்றத்துல விரிச்சுக் காயப்போட்டோம். எது முதல்ல காஞ்சுதோ அதை முதல்ல எடுத்து அடுக்கினோம். மெல்லிசெல்லாம் வாசப்பக்கம், தடிமனெல்லாம் உள்ள.”

“அப்ப அந்த அட்டவணை?”

“அது நனையல. அதனால அதுல யாரும் கை வைக்கல.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அட்டவணையில் இருந்த எண்ணுக்கும் அலமாரிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லை. ஆனால் படிவத்தில் மட்டும் அந்த எண் இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் ஊரை யோசித்துப் பார்த்தேன். கோழி எல்லை தாண்டினால் மனுக் கொடுக்கிற ஊர். “தடிமன்” என்றேன்.

“எவ்வளவு தடிமன்?”

“வெளியூர்க்காரங்க பொண்ணு கொடுக்கவே யோசிப்பாங்க. அவ்ளோ தடிமன்.”

அவர் மரியாதையோடு தலையாட்டினார். படிவத்தில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்து, அட்டவணை எண்ணை அவரே எழுதிவிட்டார். “அப்ப கடைசி அலமாரி. மூணு நாள் காஞ்சது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இதே கட்டைத்தான் ஒருத்தர் மூணு வாரமா தேடறார். எங்க ஊர்ல சண்டையே கிடையாது, மெல்லிசாத்தான் இருக்கும்னு சொல்லிட்டார். பாவம், வாசப்பக்கமே உக்காந்திருக்கார்” என்றார்.

வாசல் பக்கத்து அலமாரியின் கீழே, தலையெல்லாம் தூசியாக, குத்தவைத்து உட்கார்ந்திருந்தவர் வேலி போட்ட புண்ணியவான்தான். சண்டையே கிடையாதாம்! என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது.

கடைசி அலமாரியில் தலையணை கனத்துக்கு இருந்தது எங்கள் கட்டு. அதன் நடுவில் வரைபடம். ‘பொதுப்பாதை, அகலம் பத்து அடி’ என்ற எழுத்தைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பத்தடியில் என் வேன் தாராளமாகப் போகும். நகலில் முத்திரை விழுந்த கையோடு வேலிக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“படிங்க! பொதுப்பாதைன்னு போட்டிருக்கா இல்லையா?”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பதிவறைக்காரரிடம், “எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கிடைக்குமா?” என்றார்.

“இந்த அம்மாதான் சொன்னாங்களே, யார் கேட்டாலும் கொடுக்கணும்னு.”

“தாராளமா கொடுங்க” என்றேன். “வீட்டுல மாட்டி வெச்சு தினமும் படிக்கட்டும்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எப்படி என்று யாராவது பாடம் நடத்தினால் என்னைக் கூப்பிடலாம்.

வேனில் உட்கார்ந்துதான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். கிணறு இங்கே. வீடு இங்கே. பாதை வீட்டுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், இடப்பக்கம் இருந்தது. தலைகீழாகத் திருப்பினேன். மறுபடி நேராக வைத்தேன். எப்படிப் பார்த்தாலும் பாதை இடப்பக்கம்தான். அங்கேதான் கல்யாணமான மறுவருஷம் அத்தான் ஆசை ஆசையாக அக்காவுக்குச் சமையலறை கட்டிக்கொடுத்தார். அது எழும்பின பிறகு எல்லோரும் அடுத்த நிலத்து ஓரமாக நடக்க ஆரம்பித்து, அதுவே பாதை என்று நாங்களும் நம்பிவிட்டோம். அடுப்பு நிற்பது நட்டநடுப் பொதுப்பாதையில்.

அக்காவிடம் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“விசாரணையில கொடுக்காம விட்டுடலாம்னு பாத்தா, அந்த ஆள்கிட்டயும் ஒரு நகல் இருக்குக்கா.”

“அவருக்கு யாரு கொடுத்தா?”

நான் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி இரண்டு தரப்புக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இருவது வருஷ சர்வீஸ்ல ரெண்டு பேரும் ஒரே ஆவணத்தைக் கொடுத்து நான் பாத்ததில்ல. நல்ல ஒத்துமை!” என்றார். வேலி இருந்த இடத்திலேயே இருக்கும். பதினைந்து நாளுக்குள் பொதுப்பாதையைத் திறந்துவிட வேண்டும். முழுசாக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்குப் போனதும் அக்கா பாத்திரங்களை எடுத்துக் கூடத்தில் அடுக்க ஆரம்பித்தாள். அத்தான்தான் பொறுக்க முடியாமல், “மேல முறையீடு பண்ணலாம்மா. உன் சமையலறையை இடிச்சு நான் ஆஸ்பத்திரி போகணுமா?” என்றார்.

“அடுப்பை எங்க வேணா வெச்சுக்கலாம்” என்றாள் அக்கா. “உங்களைத் தூக்கத்தான் எனக்குத் தெம்பில்ல.”

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். இத்தனை மாதத்தில் முதல் தடவை. எனக்கும் தாங்கவில்லை, வாய்க்காலைத் தாண்டிப் போய் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டாம் நாள் சமையலறை தரைமட்டம் ஆனது. மறுநாள் காலை வேனைப் பின்னால் எடுத்து வந்து, அத்தானின் கட்டிலுக்கு நேரே நிறுத்தினேன். கட்டிலிலிருந்து வேனுக்கு ஆறே எட்டு வைத்தால் போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு அவரே நடந்தார்.

நாலாவது எட்டில் எதிரே வந்தார் பக்கத்து நிலத்துக்காரர். பாதை திறந்ததில் அவருக்கும் ரோட்டுக்குக் குறுக்குவழி கிடைத்துவிட்டது. பொதுப்பாதை, யார் வேண்டுமானாலும் நடக்கலாம், போகச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவராகவே ஒதுங்கினார். ஒதுங்கினதோடு நிற்காமல், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, அத்தானின் முழங்கைக்கு ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

“ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போம்மா” என்றார் என்னிடம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.