வீரவணக்க நிழற்குடை

பேனரில் இருந்த உடம்பு என் வீட்டுக்காரருடையது இல்லை. தலை மட்டும்தான் அவருடையது. யாரோ ஒரு இன்ஸ்பெக்டரின் விறைத்த உடம்பில், தோளில் மூன்று நட்சத்திரங்களோடு, ஏட்டு தீர்த்தகிரியின் தலையை ஒட்டவைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தவரை எஸ்.ஐ. கூட ஆகாத மனுஷன், செத்த பிறகு பிளெக்ஸ் கடைக்காரன் தயவில் பிரமோஷன் வாங்கிவிட்டார். பக்கத்தில், அவரைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கும்பிட்டபடி கிரஷர் முதலாளி சௌந்தரராஜன்.

கெலமங்கலம் ரோட்டில் அவர் விழுந்த இடத்திலேயே இந்த நிழற்குடையைக் கட்டியிருக்கிறார்கள். உபயம் சௌந்தரராஜன். ஜல்லியும் எம்சாண்டும் அவன் கிரஷரில் இருந்தே வந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பர்மிட் இல்லாமல் கல் ஏற்றிக்கொண்டு கர்நாடகாவுக்குப் போன டிப்பரை இங்கேதான் அவர் கைகாட்டி நிறுத்தப் பார்த்தார். அது நிற்கவில்லை. கூட டியூட்டியில் இருந்த கான்ஸ்டபிள் விஜயகுமார், ஆஸ்பத்திரி வாசலில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சௌந்தரராஜன் வண்டிதான் அண்ணி. என் கண்ணால பாத்தன்." பிறகு விசாரணையில் அதே வாய், "இருட்டுல நம்பர் தெரியலைங்க ஐயா" என்றது. வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி நான் போட்ட மனு அடுத்த மாதம் கோர்ட்டுக்கு வருகிறது.

கம்பெனியில் லீவு போடவைத்து இன்று என்னை அழைத்து வந்தவனும் விஜயகுமார்தான். போலீஸ் விழா என்று மட்டும் சொன்னான். யார் உபயம் என்று மூச்சுகூட விடவில்லை.

"என்னடா இது?"

"வுடுங்க அண்ணி. அண்ணன் பேரு ஊருல நிக்குதா, அத பாருங்க. மொதலாளி ஒரு சால்வை போடுவாரு, ஒரு போட்டோ எடுப்பாங்க. அவ்ளோதான்."

அந்த போட்டோ எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? அடுத்த மாதம் சௌந்தரராஜனின் வக்கீல் கையில் இருக்கும். அந்தம்மாவே சால்வை வாங்கிக்கொண்டார் பாருங்கள் ஐயா என்பார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் பிள்ளையைக் கொன்றுவிட்டுத் தொட்டில் செய்து தருகிறான்.

ரிப்பன் வெட்ட நான் ஆகாதாம். சுமங்கலி வெட்டட்டும் என்றார்கள். சௌந்தரராஜனின் மனைவி பட்டுப்புடவை சரசரக்க வந்து வெட்டினாள். என் வீட்டுக்காரர் படத்தைக் கையில் கொடுத்து என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

அதோடு விட்டார்களா? நல்ல நேரம் வீணாகக் கூடாதென்று, சௌந்தரராஜன் புதிதாக வாங்கிய டிப்பருக்கும் அங்கேயே பூஜை. மாலை, பூசணிக்காய், முன் சக்கரங்களுக்கு அடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழங்கள். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டு உத்தரவுக்குக் காத்திருந்தான். அதற்குள் சௌந்தரராஜன் சால்வையை விரித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"தீர்த்தகிரி எனக்குத் தம்பி மாதிரிம்மா."

வாயில் ஏலக்காய் வாசனை. இந்த வாய்தான் என் வீட்டுக்காரரைத் தம்பி என்கிறது.

"அக்கா, கொஞ்சம் குனிங்க," என்றான் போட்டோக்காரன்.

குனியத்தான் செய்தேன். ஆனால் சௌந்தரராஜனுக்கு முன்னால் இல்லை. படத்தை மார்போடு அணைத்தபடி டிப்பருக்கு முன்னால் போனேன். குனிந்து ஒரு சக்கரத்தின் அடியிலிருந்து பழத்தை எடுத்தேன். அந்தப் பக்கம் போய் இன்னொன்றையும் எடுத்தேன்.

"அய்யய்யோ, முட்டொத்து!" தெலுங்கில் அலறினாள் அவன் மனைவி. தொடாதே என்று.

தொட்டாயிற்று. தாலி அறுத்தவள் கைபட்ட பழத்தை இனி எந்தச் சக்கரத்தடியில் வைப்பார்கள்? பழம் நசுங்காமல் புது வண்டியை எடுக்க அந்த டிரைவருக்கும் துணிச்சல் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்துவிட்டான்.

"அண்ணி, குடுத்துடுங்க." விஜயகுமார் கையை நீட்டினான். பழத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"வாங்கிக்கடா. அன்னிக்கி கால புடிச்ச இல்ல? இப்ப கைய தொட பயமா இருக்குதா?"

யாரும் கிட்டே வரவில்லை. சால்வை சௌந்தரராஜன் கையிலேயே தொங்கியது. போட்டோக்காரன் கேமராவைத் தாழ்த்திவிட்டான். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. சக்கரம் அசையவில்லை. நான் வண்டிக்கு நேர் முன்னால் நின்றேன். உள்ளங்கையில் குங்குமம் ஈரமாகப் பிசுபிசுத்தது.