ஆளுக்குப் பாதி

ஒரு டாக்டர் வேலையை நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்குப் பாதியாகப் பார்க்கிறோம். காலையிலிருந்து மதியம் இரண்டு மணிவரை ஒருவர், இரண்டிலிருந்து இரவுவரை மற்றவர். வாரம் மாறினால் முறை மாறும். சனி, ஞாயிறு ஆளுக்கு ஒன்று. குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஏற்பாடு இது. மூன்று வயதாகிறது அவளுக்கு. இதுவரை எங்களில் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு பொழுதும் இருந்ததில்லை. "உங்களுக்கென்னம்மா, குடுத்து வச்சவங்க" என்று வார்டு சிஸ்டர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புருஷன் முகத்தை நான் பார்ப்பதே அபூர்வம் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒருவர் இரவு வேலை முடித்து வரும்போது, விடிந்ததும் ஓட வேண்டிய மற்றவர் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம், அதற்கொன்றும் குறைச்சலில்லை. ஆனால் எனக்கு இப்போதெல்லாம் நன்றாகப் பழக்கம் அவருடைய முதுகுதான்.

எங்களுக்கென்று மிஞ்சியது மதியம் அந்த அரை மணி நேரம். வேலைக்கு வருபவர் குழந்தையோடு வார்டை ஒட்டிய டாக்டர் அறைக்கு வருவார். வேலை முடித்தவர் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்பார். ஹேண்டோவர் என்போம். அது முடிந்ததும் ஒருவர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வார், மற்றவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார். ஜன்னல்கூட இல்லாத அறை அது. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவர் ஈரல், நுரையீரல் என்று பேசுவதைக் கேட்க நான் காலையிலிருந்தே காத்துக்கிடப்பேன். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் இப்படி ஏங்கியதில்லை.

நோயாளிப் பேச்சும் வீட்டுப் பேச்சும் கலந்துதான் வரும். ஒரு நாள் நான் வேலை முடித்து ஒப்படைத்துக்கொண்டிருந்தேன், அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாம் பெட்டுக்கு ஜுரம் விட்டுடுச்சு."

"நல்லது. கேரட் குடுத்தா துப்பிடறா, இனிமே குடுக்காதே."

"சரி. பத்தாம் பெட்டுக்கு நாளைக்கு ஸ்கேன்."

சொன்ன கையோடு மனிதர் ஒன்பதாம் பெட் தாளில் 'கேரட் கொடுக்க வேண்டாம்' என்றும் எழுதி வைத்துவிட்டார். ஒன்பதாம் பெட்டில் இருந்தவர் முறுக்கு மீசை வைத்த லாரி டிரைவர். மறுநாள் துறைத் தலைவர் ரவுண்ட்ஸ் வந்தபோது டிரைவர் அவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு கேரட்டுன்னா உசுரு சார். அதைத் தின்னக் கூடாத அளவுக்கு எனக்கு என்ன வியாதின்னு ஒளிக்காம சொல்லிடுங்க." பாவம், ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம்.

தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். குழந்தை அவர் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கேரட்டோட போச்சு. மருந்து மாறியிருந்தா?" என்றார். "நாளையிலேர்ந்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எழுதி வைங்க. ஒருத்தர் உள்ள வரும்போதே மத்தவர் கிளம்பிடலாம். அரை மணி நேரம் எதுக்கு?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நோயாளியின் நலன், நேரில் பேசினால் மட்டும் புரிகிற விஷயங்கள் என்று என்னென்னவோ அடுக்கினேன். இதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள் என்றுதான் உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? துணைக்கு வருவார் என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"சார் சொல்றது சரிதான்" என்றார் அவர்.

அப்படியென்றால் ஏங்கிச் சாவது நான் மட்டும்தானா?

"அரை மணி நேரம் வேண்டாம் சார். அதுக்குப் பதிலா வியாழக்கிழமையை வேற டாக்டருக்குக் குடுத்துடுங்க. அன்னைக்கு ரெண்டு பேருமே வர மாட்டோம்."

"சம்பளம் குறையுமேப்பா."

"குறையட்டும் சார். எனக்கு இவ முகத்தைப் பாக்கணும்."

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. குழந்தையை வாரி எடுத்து அவள் கழுத்தில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

முதல் வியாழக்கிழமை நான் புதுப் பெண் மாதிரி சீக்கிரமே எழுந்து தலைக்குக் குளித்தேன். அவர் காபி போட்டார், மகா மட்டமான காபி. நான் இன்னொரு தம்ளரும் வாங்கிக் குடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவருக்குக் காதோரம் நரைத்திருப்பது தெரிந்தது. எப்போது நரைத்ததோ. கையை நீட்டி அந்த இடத்தைத் தொட்டேன்.

குழந்தை எழுந்து வந்து எங்களைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. சுவரோரம் நின்று என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பவும் என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"யாரு போறா?" என்று கேட்டாள்.

"யாரும் போகலடா செல்லம். ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்" என்றார் அவர்.

"பொய்" என்றாள்.

அவள் பிறந்ததிலிருந்து நாங்கள் இருவரும் கண் விழித்து ஒரே அறையில் இருந்தால், கொஞ்ச நேரத்தில் ஒருவர் போய்விடுவார். அவளுக்குத் தெரிந்த அம்மா அப்பா அப்படித்தான். அவர் எழுந்து நெருங்கியதும் வீறிட்டாள். நான் கூப்பிட்டால் அதற்கும் அழுகை. யார் மடிக்குப் போனாலும் மற்றவர் கிளம்பிவிடுவார் என்ற பயம். கடைசியில் அவளே தன் ஷூவை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு யாரும் தாண்டிப் போக முடியாதபடி வாசல் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டை அங்கேதான் ஊட்டினோம். மதியம் அங்கேயே தூங்கியும் போனாள்.

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தரையில் உட்கார்ந்தோம். ஷூவைக் கழற்றலாமா என்று அவர் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். கழற்றினாலும் சரி, கதவை விட்டு நகர்த்தினாலும் சரி, விழித்துக்கொள்வாள்.